காயப்பட்ட ஸ்டார்ட்டருக்குப் பதில் யார்: வாங்கிய பிட்சரா, புல்பென் ஆட்டமா?

ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட பேஸ்பால் ஆட்டத்தைத் தொடங்கி, பல இன்னிங்ஸ் பந்து வீசும் பிட்சர்தான் (பந்துவீச்சாளர்) ஸ்டார்ட்டர். அவர் இல்லாமல், மாற்றுப் பிட்சர்களான புல்பென்னை மட்டும் வைத்து ஆடுவது புல்பென் ஆட்டம். 2024-இல் அமெரிக்க அணியான லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் இரண்டு வழிகளையும் பயன்படுத்தியது. அதன் ஸ்டார்ட்டர்களில் ஜூனில் யமமோட்டோவுக்குத் தோள்பட்டைக் காயம், ஆகஸ்டில் கிளாஸ்நோவுக்கு முழங்கைப் பிரச்சினை. புள்ளிப்பட்டியலில் பின்னால் சான் டியேகோ அணி துரத்தி வந்தது.

முதல் வழி, ஜூலை 30-இல் டெட்ராய்ட் அணியிடமிருந்து ஸ்டார்ட்டர் ஜாக் ஃப்ளாஹெர்ட்டியை வாங்கியது. விலை இரண்டு இளம் வீரர்கள்: லிரான்சோ, ஸ்வீனி. கிடைத்தது 10 ஸ்டார்ட்கள், அதாவது அவர் தொடங்கிய 10 ஆட்டங்கள். அவருடைய ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது என்பதால் கொஞ்சம் கை கடிக்கும் விலைதான்.

இரண்டாம் வழியான புல்பென் ஆட்டத்துக்கு யாரையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஓப்பனர் எனப்படும் முதல் பிட்சர் ஒன்றிரண்டு இன்னிங்ஸ் வீசுவார், பிறகு ஐந்தாறு பேர் மாறி மாறி வருவார்கள். சிக்கல் மறுநாள்தான். 26 பேர் அணியில் 13 பிட்சர்களுக்கு மேல் கூடாது. களைத்தவரை மைனர் லீகுக்கு (கீழ்நிலை லீக்) அனுப்பினால், வேறொருவர் காயப்பட்டால் ஒழிய, 15 நாளுக்கு அவரைத் திரும்ப அழைக்க முடியாது. வீச வந்த பிட்சர் மூன்று பேட்டர்களையாவது சந்தித்தாக வேண்டும் என்பதால் (இன்னிங்ஸ் முடிந்தால் விலக்கு) பந்தில் அடி வாங்கும் பிட்சரை உடனே மாற்றவும் வழியில்லை.

வாரத்தில் இரண்டு புல்பென் ஆட்டம் வைத்தால் நெருக்கமான ஆட்டங்களில் எட்டாம் இன்னிங்ஸுக்கு நல்ல பிட்சர் மிஞ்சமாட்டார். ஓய்வு நாள் அதிகமுள்ள பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்றுகள்) கதை வேறு: அக்டோபரில் அதே சான் டியேகோவை எட்டு பிட்சர்களை வைத்து 8-0 என்று டாட்ஜர்ஸ் முடக்கியது. நீண்ட சீசனில் முன்னிலையைக் காக்க, ஐந்து இன்னிங்ஸ் தாங்கும் ஒருவரை வாங்குவதே என் தேர்வு.