மணிக்கட்டு தொங்கிப்போனால் எந்த ஸ்பிளிண்ட் மாட்டுவது?

மேற்கை எலும்பு நடுவில் உடைந்து வருகிறவர்களில் 100க்கு 12 பேர் போல ரேடியல் நரம்பும் அடிபட்டுத்தான் வருகிறார்கள். மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளை இயக்குவது இந்த நரம்புதான், அது அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும். அந்த நரம்பு எலும்பை ஒட்டியே சுற்றிக்கொண்டு இறங்குவதுதான் எலும்போடு சேர்ந்து அடிபடக் காரணம். பெரும்பாலானவர்களுக்கு நரம்பில் கத்தி வைக்காமலே சரியாகிவிடும். ஆனால் உள்ளே இழை அறுந்திருந்தால் அது நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளர்ந்து இறங்கும். ஆக, மாதக்கணக்கில் ஒரு ஸ்பிளிண்ட்டோடு, அதாவது கையைத் தாங்கிப் பிடிக்கும் கருவியோடு, வாழ வேண்டும். அதனால் எதை மாட்டுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

முதலில் பரிசோதனையில் ஏமாறக் கூடாது. "விரலை நீட்டுங்க" என்றால் விரல் நுனிகள் நிமிரும், உடனே "பரவாயில்லை, வருகிறதே" என்று தோன்றும். அது உள்ளங்கையின் சிறு தசைகள் செய்யும் வேலை. அவற்றுக்கு வேறு நரம்புகள். மணிக்கட்டை நேராகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, விரல்களை அடிமூட்டிலிருந்து தூக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் உண்மை தெரியும். பிடிமானம் குறைவதும் மடக்கும் தசை செத்துப்போனதால் இல்லை. உங்கள் மணிக்கட்டை முழுக்கக் கீழே மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், இறுகாது. அதே நிலைதான் அவர்களுக்கும்.

பெரும்பாலும் கையில் கொடுத்தனுப்பப்படுவது காக்-அப் ஸ்பிளிண்ட். மணிக்கட்டை 20, 30 டிகிரி மேல்நோக்கி நிறுத்திவைக்கும். மருந்துக்கடையிலேயே ரெடிமேடாகக் கிடைக்கும், விலையும் குறைவு, சட்டைக் கைக்குள் அடங்கும். பிடிமானம் அன்றைக்கே கூடும். கனமான பையைத் தூக்க, கூட்டமான பஸ்ஸில் போக, தூங்க இதுதான் சரி.

குறை என்னவென்றால், பிடிக்க முடியும், ஆனால் பிடிப்பதற்கு முன் கையை விரிக்க முடியாது. பூக்கட்டும் தொழில் செய்கிற ஒரு அம்மா இதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் டம்ளர் எடுப்பதைப் பார்த்தேன். நல்ல கையால் டம்ளரைத் தூக்கி, மடங்கிக் கிடந்த விரல்களுக்குள் திணித்துக்கொண்டார். பூவை இரண்டிரண்டாக எடுத்து வைக்க விரல் திறக்கவே இல்லை. இன்னொன்றும் எனக்கு உறுத்தும். ரேடியல் நரம்பு போனாலும் உள்ளங்கையின் உணர்ச்சி முழுசாக இருக்கும். நன்றாக இருக்கிற அந்த இடத்தை இந்த ஸ்பிளிண்ட்டின் பட்டை மூடிவிடுகிறது.

ரப்பர் பேண்ட் அல்லது ஸ்பிரிங் வைத்த டைனமிக் ஸ்பிளிண்ட் விரலைத் தூக்கிக் கொடுக்கும். ஆனால் உயரமான கம்பி எல்லாவற்றிலும் மாட்டும், ரப்பரும் தளர்ந்துபோகும். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் அந்த இழுப்பை எதிர்த்தே மடக்க வேண்டும். நான் இதை அதிகம் செய்வதில்லை.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. அமெரிக்காவின் கை சிகிச்சை நிபுணர் ஜூடித் கோல்டிட்ஸ் 1987இல் விளக்கி எழுதிய வகை அது. முன்கையின் மேல்பக்கம் மட்டும் ஒரு தெர்மோபிளாஸ்டிக் (சூடாக்கினால் வளையும் பிளாஸ்டிக்) தகடு. அதிலிருந்து தாழ்வாக ஒரு கம்பி வளைவு புறங்கைக்கு மேலே வரும். விரல்களின் அடிப்பகுதிக்கு ஆளுக்கொரு கண்ணி. இழுபடாத கயிறு, ரப்பர் கிடையாது. மணிக்கட்டு இறங்கினால் கயிறு இழுத்து விரல்கள் விரியும். விரலை மடக்கினால் அதே கயிறு மணிக்கட்டைத் தூக்கும். இயல்பான கை செய்கிற அதே வேலை. உள்ளங்கையும் திறந்தே இருக்கும். அந்த அம்மாவுக்கு இதைச் செய்து மாட்டியதும், விரல்களை விரித்து டம்ளரைத் தானே பிடித்தார். பூ எடுக்கும் வேகம் வர மட்டும் இரண்டு வாரம் ஆனது.

சிரமம் இல்லாமல் இல்லை. ரெடிமேடாகக் கிடைக்காது, செய்யத் தெரிந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேண்டும். கயிற்றின் நீளம் அரை சென்டிமீட்டர் பிசகினாலும் முஷ்டி முழுசாக மூடாது அல்லது மணிக்கட்டு தொங்கும். கட்டைவிரல் விரிவதற்குத் தனி ஏற்பாடு தேவைப்படலாம். பாரம் தூக்குகிறவருக்கு இது தாங்காது. அடிக்கடி வந்து சரிசெய்துகொள்ள முடியாத தூரத்தில் இருப்பவருக்கும் காக்-அப்தான் பாதுகாப்பு.

அதனால் முடிந்தவரை இரண்டும் கொடுக்கிறேன்: பகலில் வேலைக்குக் கயிறு வைத்தது, இரவுக்கும் பயணத்துக்கும் காக்-அப். கொடுப்பதற்கு முன் இரண்டையும் மாட்டி, அவருடைய வேலையையே செய்யச் சொல்லிப் பார்ப்பேன். கழற்றியதும் தோலில் சிவப்புத் தடம் 20 நிமிடத்துக்கு மேல் இருந்தால் அந்த இடத்தைத் திருத்தியாக வேண்டும்.

அப்புறம், ஸ்பிளிண்ட் ஒரே மாதிரி கடைசிவரை இருக்கக் கூடாது. நரம்பு மீண்டு வரும்போது முதலில் முழங்கைப் பக்கத்துத் தசை துடிக்கும், பிறகு மணிக்கட்டு எழும், விரல்கள் அதற்குப் பின்னால்தான். மணிக்கட்டு தானாக நிற்க ஆரம்பித்ததும் பெரிய தகட்டைக் கழற்றிவிட்டு, விரல்களின் அடிமூட்டை மட்டும் தாங்கும் சிறியதாக மாற்றிவிடலாம். கட்டைவிரல்தான் கடைசியில் வரும் கூட்டத்தில் இருக்கும். ஒவ்வொரு முறையும் உள்ளங்கையை மேசையில் பரப்பி வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.