நெல் ஊறிய தண்ணீரில் ஜெனரேட்டர்: மில்காரரின் அனுபவம்

ஆற்காடு–ஆரணி சாலையில் திமிரிப் பக்கம் எங்களுக்குப் புழுங்கல் அரிசி மில். நெல் ஊறிய தண்ணீரை மூடிய தொட்டியில் விட்டு, பாக்டீரியா அதைச் செரிக்கும்போது வரும் காஸை எடுத்து ஜெனரேட்டர் ஓட்ட ஆரம்பித்துச் சில வருடம் ஆகிறது. "நாங்களும் போடலாமா?" என்று கேட்கும் மில்காரர்களிடம் நான் சொல்வது, கரண்ட் பில் குறையும் என்று நம்பி இறங்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 20 டன் நெல் ஊறப்போட்டால் சுமார் 25,000 லிட்டர் கழிவுநீர் வரும். கரைந்திருக்கும் கழிவைச் சொல்லும் சிஓடி லிட்டருக்கு 4 கிராம் என்றால் மொத்தம் 100 கிலோ. அதில் 80 கிலோ செரித்தால், கிலோவுக்கு 0.35 கன மீட்டர் வீதம் 28 கன மீட்டர் மீத்தேன், அதாவது எரியும் காஸ். ஜெனரேட்டரில் 80 யூனிட் சொச்சம் தேறும். அரவை, பாலிஷ், எலிவேட்டர் என்று ஓடும் மில்லுக்கு இது எந்த மூலைக்கு? எங்களுக்கு விளக்கும் போர் மோட்டாரும் இதில் ஓடுகின்றன, அவ்வளவுதான். சேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் கதை வேறு. மரவள்ளித் தண்ணீரில் மாவுச்சத்து அதிகம்.

அப்புறம் எதற்கு இது? வாடைக்குத்தான். புளித்த தண்ணீரைத் திறந்தவெளிக் குட்டையில் விட்டால் தெருவே மூக்கைப் பொத்தும். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டையும், 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதையும் பார்த்த ஊர்கள் இவை. கழிவுநீர் என்றாலே சண்டைக்கு வருவார்கள். மூடிய தொட்டி வந்தபின் அந்தப் பேச்சு இல்லை. ஆனால் வெளிவரும் தண்ணீர் சுத்தமானதல்ல. காற்றடித்துத் தெளியவைத்த பிறகே தென்னைக்குப் பாய்ச்சுகிறோம்.

பராமரிப்பில் தொல்லை இரண்டு. ஊறல் தண்ணீர் சூடாகவும் புளிப்பாகவும் வரும். 35 டிகிரி அளவுக்கு ஆறவைத்து, சுண்ணாம்பு கலந்துதான் உள்ளே விடவேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் பாக்டீரியா படுத்துவிடும், காஸ் நின்றுவிடும். நெல் வரத்து இல்லாத மாதங்களில் காஸும் இல்லை. சீசன் தொடங்கும்போது தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் தானே பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது, அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. இன்ஜினை அரித்துத் தின்னும், ஆளுக்கும் ஆபத்து. துருவேறிய இரும்புச் சீவல் நிரப்பிய டிரம் வழியாக காஸை விட்டால் பெரும்பகுதி அதிலேயே தங்கிவிடும். சீவல் கறுத்தால் மாற்றவேண்டும். விலை பேசும்போது இதையெல்லாம் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் டிரம், சீவல், அடிக்கடி மாற்றும் இன்ஜின் ஆயில் செலவையும் கொட்டேஷனில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.