ஆந்திராவின் தடா பஜார் பைப் கடை: ஏரிச் சேறு எடுப்பவர்கள் நம்பிப் போகலாம்

கடைப் பெயரைப் போடவில்லை. ஒரு குறையையும் சொல்லப்போகிறேன், அதனால்தான்.

பழவேற்காடு ஏரியின் அடிச்சேற்றைக் குழாயில் குத்தி எடுத்து, ஒவ்வொரு சென்டிமீட்டராக அறுத்து, அதிலுள்ள தனிமங்களை வைத்துப் பழைய மழையையும் வெள்ளத்தையும் கணிப்பது என் வேலை. காளங்கியும் ஆரணி ஆறும் அடித்துவரும் மண்ணோடு டைட்டானியம் வரும். சிப்பி செழித்த காலத்துச் சேற்றில் ஸ்ட்ரான்சியம் ஏறும். இதற்கு வேண்டியது மூன்று இஞ்ச் பைப்.

"ஏம்மா, போர் போடறீங்களா?" என்றார் முதலாளி. சேறு எடுக்க என்றதும் சிரித்துவிட்டு ஜிஐ பைப்பைக் காட்டினார். "அதுல துத்தநாகம் பூசியிருக்குண்ணா, எங்க கணக்கே கெட்டுடும்" என்றேன். மனிதர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்போ பிவிசியில ஈயம் போடுவாங்களே?"

சரியான கேள்வி. பிவிசி உருகும்போது கருகாமலிருக்க ஈய உப்பு சேர்ப்பது பழைய வழக்கம். நாங்களோ ஈயம் எந்த அடுக்கில் ஏறி எதில் இறங்குகிறது என்று தேடுகிறவர்கள். ஈயப் பெட்ரோல் 2000-ல் நின்றதே, அந்தத் தடயம். குடோனுக்குள் போய், ஈயமில்லை என்று அச்சடித்த பைப்பைத் தேடி எடுத்துவந்தார். (எதற்கும் பைப்பை ஒட்டிய சேற்றைச் சுரண்டி எறிந்துவிடுவோம்.)

4 கிலோ (எடையல்ல, தாங்கும் அழுத்தம்) பைப் வாங்காதீர்கள், சம்மட்டி அடியில் வாய் பிளக்கும். 6 கிலோதான் சரி. 20 அடி பைப்பை மூன்றாக அறுத்து, முனையை வெளிப்பக்கமாக மட்டும் அரத்தால் சீவிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

இனி குறை. அடுத்த முறை போனபோது முதலாளி இல்லை. கடைப் பையன் நல்லெண்ணத்தில், ஒவ்வொரு பைப்பின் ஒரு முனையிலும் மூடியைச் சொல்யூஷன் போட்டு ஒட்டியே விட்டான். படகில் ஏறியபிறகுதான் பார்த்தோம். அந்தப் பசை முழுக்கக் கரிமம். நாங்கள் அளப்பதும் சேற்றின் கரிம, நைட்ரஜன் விகிதம்தான்: 10-க்குக் கீழே என்றால் பாசி, 20-ஐத் தாண்டினால் கரையிலிருந்து வந்த இலைதழை. ஆளுக்கொரு ஹேக்சா பிளேடு பிடித்து, பைப்புக்கு அரை அடி அறுத்துப் போட்டோம். படகு வாடகை தண்டம்.

ஜிஎஸ்டி பில் கேட்காமலே தருகிறார்கள். "பைப் வாங்க ஆந்திராவா?" என்று எங்கள் கணக்குப் பிரிவில் கேட்டதுதான் மிச்சம்.

மூடிகளைத் தனிப் பையில் கட்டித் தரச் சொல்லுங்கள். ஒட்ட இன்சுலேஷன் டேப் போதும். அதுவும் அங்கேயே கிடைக்கும்.