என்-52 என்று சொல்லி என்-35 காந்தத்தைத் தலையில் கட்டுகிறார்கள், ஜாக்கிரதை

ஈப்போ பக்கம் ரோபோட் சாமான் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. அங்கே ஒரு கடையில் ‘என்-52’ நியோடிமியம் காந்தம் என்று காசு வாங்கிக்கொண்டு, தரம் குறைந்ததைக் கொடுத்துவிட்டார்கள். (என்-35, என்-52 என்பதெல்லாம் காந்தத்தின் தரம்; எண் கூடினால் பலமும் கூடும்.)

அக்கா மகன் போலிடெக்னிக்கில் படிக்கிறான். புராஜெக்டுக்காக, காந்தச் சக்கரத்தால் விளக்குக் கம்பத்தில் ஏறும் குட்டி ரோபோட் செய்கிறான். சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் வாசலில் நிற்கும் இரும்புக் கம்பத்தில்தான் சோதனை. காந்தம் கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் பலத்தில் ஒரு பங்குதான் உராய்வாகி ரோபோட்டைத் தாங்கும். பிடி குறைந்தால் வழுக்கல்தான். 20 மில்லிமீட்டர் விட்டம், 5 மில்லிமீட்டர் தடிப்பு, வட்டக் காந்தம், ஒன்று 9 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பில்லிலும் என்-52 என்றே அச்சு.

கம்பத்தில் வைத்தால் சக்கரம் மேலே சுற்றுகிறது, ரோபோட் சர்ரென்று கீழே இறங்குகிறது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். “வெயில்ல வெச்சிருப்பீங்கண்ணே, பவர் போயிருக்கும்.” சாதாரண என்-52 காந்தமே 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், நம்மூர் வெயில் அவ்வளவு கொடுமையில்லை. அடுத்து, “கம்பத்துல பெயிண்ட் தடிப்பா இருக்கும்” என்றார். இதில் பாதி உண்மை. பெயிண்ட், வளைவு, மெல்லிய தகடு எல்லாமே பிடியைக் குறைக்கும். விளம்பரத்தில் போடுகிற இழுவிசை, தடித்த தட்டையான இரும்பில் அளந்தது. அதனால் கம்பத்தை விட்டுவிட்டுக் காந்தத்தையே அளந்தோம். லேப்பில், காந்தப் புலத்தை அளக்கும் காஸ் மீட்டரின் முனையை அக்கா மகன் காந்தத்தின் நடுவில் வைத்தான்: 2600 காஸ் சொச்சம். ஒவ்வொன்றாக மாற்றி வைத்தாலும் அதே கதை. இந்த அளவில் என்-52 என்றால் 3200 பக்கம் காட்ட வேண்டும்; 2600 என்-35க்குத்தான் வரும். பிடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணோம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதே நிக்கல் முலாம், கிட்டத்தட்ட அதே எடை.

ரீடிங்கைப் படமெடுத்து அனுப்பியதும், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பில் முத்திரையைக் காட்டினார். அந்த முத்திரையால் நம் உரிமை போய்விடாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன பொருளைத்தான் கொடுக்க வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டிப் புகார்ப் பாரம் போட்டாச்சு. 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

பில்லில் வெறும் ‘காந்தம்’ என்று எழுதினால் வாங்காதீர்கள். தரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் வாங்கி இதே மாதிரி மாட்டியவர்கள், பில்லைத் தூக்கிப் போடாமல் எனக்குச் செய்தி அனுப்புங்கள்.