ஈரோட்டு மெஸ் ஒன்றின் மதியச் சாப்பாடு: இலை போடுவதிலேயே மரியாதை

ருசியில் குறையில்லை. ஆனால் இந்த மெஸ்ஸுக்குப் போகச் சொல்வது பரிமாறும் பாங்குக்காகத்தான். இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் வருகிறது. அகன்ற பாகம் வலப்பக்கம் இருந்தால்தான் சோறு பிசைய இடம் கிடைக்கும். பல ஓட்டல்களில் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். உப்பும் ஊறுகாயும் மேலே நுனி ஓரம், சோறு கீழே. முதலில் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், ரசம், மோர். கரண்டியைச் சாய்க்குமுன் "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்கிறார்கள். சோற்றில் குழி செய்யும்வரை பொறுப்பதால் ரசம் இலையை விட்டு ஓடுவதில்லை. இலைமேல் கையை மறித்தால் வற்புறுத்துவதும் இல்லை, அருமையான பழக்கம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையைத் துடைப்பதை மட்டும் நிறுத்த வேண்டும். அழுக்குத் தண்ணீர் இலையில் தெறிக்கிறது.