எல்எஸ்6 என்று நம்பி வாங்கிய ஷெவெல்

போன வருடம் ஓஹையோவில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 1970 ஷெவர்லே ஷெவெல் வாங்கினேன். எஸ்எஸ் 454, அதாவது 454 கன அங்குல இன்ஜின் போட்ட வேக வகை, அதிலும் எல்எஸ்6 என்ற 450 குதிரைசக்தி இன்ஜின், கார் பிறந்தபோது இருந்த அதே இன்ஜின் என்றார். எல்எஸ்6 போட்டு வந்தவை மொத்தமே 4,475தான். கறுப்புப் பட்டை, எஸ்எஸ் சின்னம், வேகமெடுத்தால் பானட்டின் பின்பக்கம் திறக்கும் காற்று மூடி. அந்த மூடி திறப்பதைப் பார்க்கவே ஓட்டிப் பார்த்தபோது நாலு தடவை மிதித்தேன். அதோடு என் புத்தி மூடிக்கொண்டது.

விஐஎன், அதாவது காரின் அடையாள எண், 13637 என்று தொடங்கியது. சரியாக இருக்கிறதே என்று நினைத்தேன். அது ஷெவெலில் மாலிபு என்ற வகை, இரண்டு கதவு, வி8 இன்ஜின் என்பதைத்தான் சொல்லும். அந்த வருடம் எஸ்எஸ் தனி மாடலே இல்லை, ஆப்ஷன் தொகுப்பு. சாதா 307 இன்ஜினோடு வந்த மாலிபுவுக்கும் அதே ஐந்து எண்கள்தான். ஷெவர்லேயின் சகோதர பிராண்டான பான்டியாக் என்றால் விஐஎன்னைக் கொடுத்துத் தொழிற்சாலைப் பதிவையே வாங்கிவிடலாம். ஷெவர்லேயில் கனடாவில் விற்ற கார்களுக்குத்தான் அந்த வசதி. ஏமாற்றுகிறவர்களுக்கு ஷெவெல் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

இன்ஜின் பிளாக்கின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே, சிஆர்ஆர் என்று அடித்திருந்தது. ஆட்டோமேட்டிக் கியர் எல்எஸ்6க்கு உரிய எழுத்துகள். பக்கத்திலேயே விஐஎன்னின் கடைசி எண்களும் பொருந்தின. பெட்ரோல் டேங்க் மேலே கிடைத்ததாக ஒரு பழுப்புக் காகிதத்தையும் காட்டினார், காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலையில் எழுதிய பில்ட் ஷீட்டாம். டீத்தண்ணீரில் நனைத்தால் எந்தக் காகிதமும் ஐம்பது வயதாகிவிடும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து, இன்ஜின் வேலையில் ஊறிய ஒரு நண்பர் டார்ச் அடித்துப் பார்த்தார். தொழிற்சாலையில் பிளாக்கைச் சீவும்போது எண் அடிக்கும் இடத்தில் முன்பின்னாக மெல்லிய கோடுகள் விழும். இதில் வழவழவென்று இருந்தது. ரிப்பேருக்காக இழைத்தாலும் கோடு போகும்தான், ஆனால் கூடவே எண்ணும் போயிருக்க வேண்டுமே? கோடு இல்லை, எண் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அப்புறம் பிளாக்கை வார்த்த தேதியைத் தேடினோம்: டி 17 0, அதாவது 1970 ஏப்ரல் 17. இன்ஜினுக்குப் பின்னால் ஃபயர்வாலில் இருக்கும் தகட்டில் கார் உருவான தேதி 02சி, பிப்ரவரி மூன்றாம் வாரம். கார் உருவாகி இரண்டு மாதம் கழித்து அதன் 'பிறந்தபோது இருந்த' இன்ஜினை வார்த்திருக்கிறார்கள்!

இதையெல்லாம் பணம் கொடுக்கும் முன்பே பத்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம். ஒரு டார்ச்சும் தேதி தெரிய அழுக்கைத் துடைக்கத் துணியும் போதும்.

வியாபாரியைக் கூப்பிட்டேன். "முந்தைய ஓனர் சொன்னதைத்தான் சொன்னேன்" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தேன். எஸ்எஸ், 454, எல்எஸ்6 எதுவுமே அதில் இல்லை. '1970 ஷெவெல், உள்ளது உள்ளபடி', கீழே என் கையெழுத்து.