குன்னூர்த் தொட்டியில் மூன்று வருடச் சருகு

நேற்றுதான் என் மீன் தொட்டி ஃபில்டர் பழுது பார்த்துத் திரும்பி வந்தது. அதே சமயம் கோத்தகிரித் தம்பி ஒருவர் ஃபோனில் கேட்டார்: "அண்ணா, தொட்டியில விழுற இலையை எடுக்கணுமா, அப்படியே விட்டுடலாமா?" அப்போது பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

என்னுடையது நீர்ச்செடி வளர்க்கும் இரண்டடி மீன் தொட்டி. ஹீட்டர் கிடையாது, ஒயிட் கிளவுட் மீன் எட்டும் செர்ரி இறால்களும் நம் குளிரைத் தாங்கும். முதல் ஆறு மாதம் வாரம் தவறாமல் சைஃபன் குழாய் போட்டு அழுக்கை உறிஞ்சி அடியைப் பளிச்சென்று வைத்திருந்தேன். இறால் முட்டை சுமக்கும், குஞ்சு ஒன்றும் தேறாது. பிறகு ஒரு மாதம் ஊரில் இல்லை. வந்து பார்த்தால், அழுகிக் கிடந்த கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடியின் இலை முழுக்கக் கடுகளவு குஞ்சுகள்! மக்கும் இலைமேல் வழவழவென்று படியும் நுண்ணுயிர்ப் படலம்தான் அவற்றுக்குத் தீனி. அன்று எவ்வளவு நேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அதிலிருந்து வேண்டுமென்றே இலை போட ஆரம்பித்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து நாட்டு வாதுமைச் சருகு, பர்லியாறிலிருந்து கொய்யா இலை. பழுத்துத் தானாக உதிர்ந்தது மட்டும். பச்சை இலை சீக்கிரம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கற்பூர மரத்து இலையில் எண்ணெய் இருப்பதால் வேண்டாம். டீத் தோட்டத்து ஓரம் பொறுக்கவே கூடாது, பூச்சிமருந்து துளி பட்டாலும் இறால் செத்துவிடும். தண்ணீர் பால் ஊற்றாத டீ நிறத்துக்கு மாறும், அது இலையின் துவர்ப்புச் சத்து. கீழ்நாட்டில் ஒரு மாதத்தில் சல்லடையாகும் இலை இங்கே குளிரில் இரண்டு மாதம் கிடக்கிறது.

தொல்லை அங்கேதான். சதை கரைந்ததும் நரம்பு மட்டும் மிதக்கும். ஃபில்டர் தண்ணீர் இழுக்கும் குழாய் முனையில் ஸ்பாஞ்ச் மாட்டியும் எப்படியோ உள்ளே போய், தண்ணீரைத் தள்ளும் சின்னச் சுழலியான இம்பெல்லரில் நூல் மாதிரிச் சுற்றிக்கொள்கிறது. இராத்திரி இரண்டு மணிக்குக் கரகரவென்று சத்தம். எழுந்து, ஐஸ் மாதிரித் தண்ணீரில் கையை விட்டுக் கழற்ற வேண்டும். மாதம் இரண்டு முறையாவது இந்தக் கூத்து. இந்தத் தடவை இம்பெல்லரின் தண்டே உடைந்துவிட்டது. பாகம் கோயம்புத்தூரிலிருந்து வர ஒன்பது நாள்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஒன்பது நாளும் ஃபில்டர் இல்லாமலே ஒரு உயிரும் சாகவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் மட்டும் இல்லை, அடியில் படிந்த மண்டியிலும் செடியிலும் இருக்கிறது. செடி அம்மோனியாவை நேராகவே உறிஞ்சவும் செய்யும். மீன் குறைவு, குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜனும் அதிகம் நிற்கும்.

இருந்தும் தம்பிக்கு என் பதில்: எடுத்துவிடு. மண்டியைத் தொடாதே, செடிக்கு அது உரம்; கிளறும்போது அழுகிய முட்டை வாடை வந்தால் மட்டும் அந்த இடத்தைச் சுத்தம் செய். இலை வேண்டாம். இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது சரியா என்று கேட்டால், இந்த வாரம் என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை.

என் தொட்டியில் இன்னும் நான்கு இலை கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுக்கப் போகிறேன். ஒவ்வொன்றையும் தண்ணீருக்குள்ளேயே மெல்ல உதற வேண்டும், அடியில் குஞ்சு ஒட்டியிருக்கும்.